அக்கா வைத்த முதல் பொட்டு

எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம் இருந்ததில்லை. சேர்ந்த அன்றும் இல்லை, பிரிந்த அன்றும் இல்லை. திருப்பதியில் மணப்பெண் அலங்காரம் செய்யும் பார்லர் அவளுடையது. நான் அங்கே வேலை செய்தவள். அவள் தெலுங்குக்காரி, நான் நகரிப் பக்கத்துத் தமிழ். அவள் என்னைச் செல்லி என்பாள், தங்கை என்று அர்த்தம். நான் அவளை அக்கா என்பேன். ஒப்பந்தம் என்று எங்களுக்குள் ஏதாவது இருந்ததென்றால் இந்த இரண்டு சொற்கள்தான். அவை எவ்வளவு பாரம் தாங்கும் என்று நாங்கள் ஒருநாளும் பேசிப் பார்த்ததில்லை.

அவளிடம் நான் போனது என் கணவர் போன பிறகு. சித்தூரிலிருந்து மாம்பழக்கூழ் டின்களை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்கு லாரி ஓட்டியவர். காய்ச்சல் என்று படுத்தார், எழவில்லை. மாமியார் வீட்டில் சுவர்களும் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்கள் அவை. பையனைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, பள்ளிக்கூட நாட்களில் கற்றுக்கொண்ட சடை பின்னல் ஒன்றையே கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அக்கா என்னிடம் சான்றிதழ் கேட்கவில்லை. நாற்காலியில் ஒரு பெண்ணை உட்கார வைத்து, "பின்னு, சூஸ்தானு," பார்க்கிறேன் என்றாள். பின்னினேன். பின்னி முடித்ததும், வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். பிள்ளைகள்? ஒரு பையன். அவ்வளவுதான். கண்ணாடிக்குக் கீழே இருந்த அட்டையிலிருந்து ஒரு மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டை எடுத்து என் நெற்றியில் ஒட்டினாள். "நம்ம கடைல முகம் முகமா இருக்கணும்," என்றாள். அதற்குப் பிறகு என் கணவரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்றே நான் நினைத்தேன். அந்த மறதிக்காகவே அவளைப் பிடித்திருந்தது.

முகூர்த்த நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையடிவாரம் முழுக்க மண்டபங்கள். நல்ல நாள் என்றால் எல்லா மண்டபத்திலும் மேளம், எல்லா வாசலிலும் வாழைமரம், ஆட்டோக்காரர்களுக்கு மட்டும் வழி இருக்காது. மணமகள் அறைக்குள் நாங்கள் நுழையும்போது வரிசை எப்போதும் ஒன்றுதான். முன்னால் அக்கா. பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான். அக்கா நேராகப் பெண்ணிடம் போவாள், கிழக்கே திருப்பி உட்கார வைப்பாள், குங்குமத்தைத் தொட்டு முதல் பொட்டை வைப்பாள். போட்டோக்காரர் அதை எடுப்பார். பிறகு அக்கா சீப்பை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர் ஓரத்து நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொள்வாள். அவள் வேலை முடிந்தது.

என் வேலை அப்போதுதான் தொடங்கும். முகத்துக்கு அடித்தளம், கண்மை, சவுரி சேர்த்துப் பூஜடை, நெற்றிச்சுட்டி, வங்கி, ஒட்டியாணம், பதினாறு இடத்தில் ஊக்கு குத்தி நிற்கவைக்கிற கொசுவம். முதுகு இரண்டாகிப் போகும். அந்த நேரம் முழுவதும் அக்கா பேசிக்கொண்டிருப்பாள். அறையில் இருக்கிற அத்தனை அத்தைகளோடும் பெரியம்மாக்களோடும். எந்த ஊர், எந்த வீடு, உங்க கோடலு, அதாவது மருமகள், எங்கே வேலை செய்கிறாள், இந்தப் புடவை காஞ்சிபுரமா தர்மாவரமா. போண்டா வந்தால் போண்டா, காபி வந்தால் காபி. அவளுக்கென்றே ஒரு பழைய வேடிக்கை உண்டு. பொட்டு வைத்துவிட்டுத் திரும்பும்போது சொல்வாள்:

"எங்க வீட்டு ஆயன இருக்கறதால எனக்கு இது ஒண்ணுதாம்மா லாபம். நான் பொட்டு வெக்கலாம். மத்தபடி அந்த மனுஷன் பேப்பர் படிக்கறாரு, துன்றாரு, தூங்கறாரு."

அறை அதிரும். பெண்ணின் அம்மா முதல் தண்ணீர் கொண்டுவருகிற பெண் வரை எல்லோரும் சிரிப்பார்கள். வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு நானும் சிரிப்பேன்.

சிரித்த வாய்தான் பிறகு புளித்தது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் கடையின் இன்ஸ்டா பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். மணப்பெண், மணப்பெண், மணப்பெண். எல்லாப் படத்திலும் நெற்றியில் அக்காவின் விரல். மோதிரம் போட்ட, மருதாணி வைத்த, சற்றே தடித்த அந்த விரல். என் விரல் எங்கேயும் இல்லை. அந்தச் சடை என்னுடையது, அந்தக் கண் என்னுடையது, அந்த மடிப்பு என்னுடையது. பெயர் அந்த ஒரு விரலுடையது. அன்றிலிருந்து அவள் நாற்காலியில் சாய்கிற சத்தம் கூட எனக்குக் கேட்கத் தொடங்கியது. மண்டப வாசலில் பூ விற்கிறவளிடம் ஒருநாள் சொன்னேன், "எங்க அக்கா போட்டோக்கு வர்றாங்க, நான் வேலைக்கு வர்றேன்." அவள் மல்லிகையை முழம் போட்டுக்கொண்டே சிரித்தாள். லேசாக இருந்தது எனக்கு. ரொம்ப நாளாகக் காலில் இருந்த முள்ளை எடுத்த மாதிரி.

தம்பி நகரியில் பவர்லூம் வைத்திருக்கிறான். தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே அவனுக்கு வீட்டிலும் குரல் இறங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைப் பார்க்கப் போனபோது சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டான்.

"இன்னாக்கா இது? அந்தம்மா ஒரே ஒரு பொட்ட வெச்சிட்டு உக்காந்துக்கினு போண்டா துன்னுது. நீ முதுகு ஒடிய நின்னுக்கினு கீற. பேரு ஆருக்கு?"

"அவங்க கடைடா."

"கடை அவங்களுது, கை உன்னுதுதான? எதனா எழுதிக் குடுத்துக்கீறியா? அக்ரிமெண்ட், கிக்ரிமெண்ட்?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப இன்னா பயம்? காயிதமே இல்லன்னா கட்டே இல்ல. நாளைக்கே போயி கடையப் போடு."

கட்டே இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது புத்தூர் மலைகளைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையை வாயில் போட்டு உருட்டினேன். எவ்வளவு இனிப்பாக இருந்தது. இப்போது யோசிக்கிறேன். காகிதம் என்று ஒன்று இருந்திருந்தால் அதில் அவரவர் வேலையைப் பிரித்து எழுதியிருப்பார்கள். முதல் பொட்டு உரிமையாளர் வைப்பார், வேலை முடியும்வரை அறையை விட்டு நகரமாட்டார் என்று ஒரு வரி இருந்திருக்கும். ஏன் இந்த வரி என்று நான் கேட்டிருப்பேன். கேட்க ஒரு வரி இல்லாமல் போயிற்று எனக்கு.

அக்காவிடம் சொன்னது ஒரு மத்தியானம். ஆடி மாதம், முகூர்த்தம் இல்லாத வெறும் நாட்கள். கடையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துத் தயிர்ச்சாதத்தில் ஆவக்காயைப் பிசைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். பிசைகிற கை நிற்கவில்லை.

"எக்கட?" எங்கே என்றாள்.

"சித்தூர்ல அக்கா. பஸ் ஸ்டாண்ட் பின்னால ஒரு மாடி பாத்துருக்கேன்."

"சித்தூர்ல பெட்டுகோ, வெச்சுக்கோ. மஞ்சிதி. திருப்பதி மட்டும் வேணாம் செல்லி. இங்க வராத."

"சரே அக்கா."

ஒரு கவளம் சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள், "பொட்டு யாரு வெப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தாயா, அந்தப் பொட்டை விட மனசு வரவில்லை என்று நினைத்தேன். "நானே வெப்பேன் அக்கா," என்றேன். கொஞ்சம் தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பொறாமை என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கோபம் என்று சில நாள் எடுத்துக்கொண்டேன். அது பயம் என்று படிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. "சரே," என்று மட்டும் சொன்னாள். நாங்கள் போட்ட ஒப்பந்தம் அதுதான். இரண்டு சரே. ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது.

சித்தூரில் கடை ஓடியது. ஓடியது என்றால் நடந்தது. ரிசப்ஷன், பிறந்தநாள், கல்லூரி ஆண்டுவிழாவுக்கு ஆடுகிற பெண்கள். மின்விளக்குக்குக் கீழே மினுங்குகிற கவுன் போட்டுக்கொண்டு, தலையை விரித்து, நெற்றியில் கல் பொட்டைத் தானே ஒட்டிக்கொள்கிறவர்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. கதவில் என் வேலையின் படங்கள், எல்லாவற்றிலும் என் விரல். காலையில் பூட்டைத் திறக்கும்போது பச்சைப் பெயிண்டின் வாசம் அடிக்கும். நான் நானாக இருக்கிறேன் என்று நெஞ்சு கொஞ்சம் விரியும். அக்கா ஒரு தடவை வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நானும் போகவில்லை. ஆனாலும் புது லிப்ஸ்டிக் நிறம் வாங்கினால் அவளிடம் காட்டக் கை போகும். தெலுங்கில் யாராவது தெருவில் செல்லி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

பிறகுதான் அந்த முகூர்த்தம் வந்தது. வெதுருகுப்பம் பக்கத்து விவசாயக் குடும்பம், பல தலைமுறையாக அங்கே நிலம் வைத்திருக்கிற தமிழர்கள். பெண் பெங்களூரில் வேலை செய்கிறாள். என் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கே வந்தாள். "ஆண்ட்டி, எனக்கு நீங்கதான். வேற யாரும் வேணாம்." அந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். எங்கே கல்யாணம் என்று கேட்டேன். திருப்பதி, மலையடிவாரத்து மண்டபம்.

அன்று மாலை தம்பிக்கு ஃபோன் போட்டேன். "பொண்ணு சித்தூர் ஜில்லா, கடை சித்தூர்ல, மண்டபம் மட்டும்தான திருப்பதி? மண்டபத்த நீயா கட்டிக்கீற?" என்றான். அதற்கும் நான் சிரித்தேன். கல்யாணத்தை ஒப்புக்கொண்டு, பெண் வீட்டார் தந்த தாம்பூலத்தை வாங்கிக்கொண்டேன்.

காலை வேளை. சந்திரகிரி தாண்டியதும் மலை முழுசாகத் தெரிந்தது, மேலே ஒரு கிழிசல் மேகம். மண்டபத்தில் பின்வாசல் வழியாகவே நுழைந்தேன். மணமகள் அறைக்குள் முதல் முறையாக எனக்கு முன்னால் யாரும் போகவில்லை. பெட்டியை வைத்தேன். பெண்ணைக் கிழக்கே திருப்பி உட்கார வைத்தேன். குங்குமத்தைத் தொட்டு முதல் பொட்டை வைத்தேன். வகிடு எடுத்தேன். சவுரியைச் சேர்த்துச் சடையைத் தொடங்கினேன். சுவர் ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது. அறையில் இருந்த பெண்களுக்குப் பேச ஆள் இல்லை. ஆகவே என்னிடம் பேசினார்கள்.

பெண்ணின் பெரியம்மா கெட்டவள் இல்லை. அதை எழுதிவிட வேண்டும். காலையிலிருந்து ஓடிக் களைத்தவள், என் வேலையைப் பார்த்து அதிசயித்துக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா கை தாயி உனக்கு! சடை பாம்பாட்டம் வருது. எந்தூரு நீ?"

"நகரிம்மா."

"நெசவுக்காரவங்களா?"

"ஆமாம்மா."

"புள்ளைங்க?"

"ஒரு பையன். சென்னைல படிக்கிறான்."

"வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

வாயில் பின் இருந்தது. எடுத்துவிட்டுச் சொன்னேன், "அவர் தவறிட்டாரும்மா." பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னேன். சொல்லிவிட்டுப் பின்னைக் குத்தினேன். அடுத்த பின்னுக்குக் கையை நீட்டியபோதுதான் அறையில் ஒரு சத்தமும் இல்லை என்பது தெரிந்தது. வெளியே மேளக்காரர் சுருதி சேர்ப்பது மட்டும் கேட்டது.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. எத்தனையோ முகூர்த்தங்கள், எத்தனையோ அறைகள், ஒருத்தி கூட என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை. கேட்கவிடாமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். போண்டா தின்றுகொண்டு, புடவையைத் தடவிக்கொண்டு, தன் புருஷனைக் கேலி செய்துகொண்டு, அறையில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணின் பார்வையையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு. முதலில் அவள் பொட்டு வைத்துவிட்டாள் என்றால் பிறகு அந்தப் பெண்ணைத் தொடுகிற கை யாருடையது என்று யாரும் பார்க்கப் போவதில்லை. நான் முதுகு ஒடிய வேலை செய்தேன். அவளும் செய்துகொண்டிருந்தாள்.

பெரியம்மா எழுந்தாள். "தப்பா எடுத்துக்காத தாயி," என்றாள். அவள் குரலே உடைந்திருந்தது. "ஏற்கெனவே ரெண்டு சம்பந்தம் தட்டிப் போயி அமைஞ்சது. மாப்ள வூட்டுக்காரங்க காதுல வுழுந்தா…"

"பெரியம்மா, இன்னா பேசற நீ?" என்று பெண் திரும்பினாள். பாதிச் சடை தோளில் அவிழ்ந்தது. "இந்தக் காலத்துல போயி…"

"நீ சும்மா இருடி," என்றாள் அவள் அம்மா. அழுதுகொண்டே சொன்னாள்.

நான் கையை எடுத்துவிட்டேன். நான் வைத்த பொட்டை அம்மா ஈரத்துணியால் துடைத்தாள். மெதுவாகத்தான் துடைத்தாள், குழந்தையின் வாயைத் துடைப்பது போல. அது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"உங்க ஆளுங்க வேற யாருனா கீறாங்களாம்மா? சுமங்கலியா? முகூர்த்தம் நெருங்கிக்கினு கீது," என்று கேட்டாள் பெரியம்மா. அந்த வீட்டில் சுமங்கலிகள் நிறைய பேர் இருந்தார்கள். சவுரி வைத்துப் பூஜடை பின்னத் தெரிந்தவள் ஒருத்தியும் இல்லை. எனக்குத் தெரிந்த சுமங்கலிக் கை அந்த ஊரில் ஒன்றே ஒன்று. நடந்து வருகிற தூரத்தில் இருந்தது. நான் வரமாட்டேன் என்று சரே சொன்ன ஊரில்.

ஃபோன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா."

"செப்பு."

"அக்கா, மலையடிவாரத்து மண்டபத்துல இருக்கேன். பொண்ணு பாதியில… ஒருத்தர அனுப்பு அக்கா. யாராவது ஒருத்தர."

மறுமுனையில் ஹேர்டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"திருப்பதிக்கி வந்துட்டியா," என்றாள்.

ஃபோன் கட் ஆனது.

அவள் யாரையும் அனுப்பவில்லை. அவளே வந்தாள். கடையில் போட்டிருந்த சாதாரணப் புடவையோடு, காலில் வீட்டுச் செருப்போடு. வாசலில் என்னைத் தாண்டிப் போனாள். தாண்டும்போது என் கையிலிருந்த சீப்பை வாங்கிக்கொண்டாள். உள்ளே போனதும் அவள் குரல் மாறியது. "ஏம்மா, கல்யாண வீட்ல யாராவது இப்படி உம்முனு இருப்பாங்களா? ஏமே, காபி லேதா மாகு? எங்களுக்குக் காபி இல்லையா?" யாரோ சிரித்தார்கள். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அறை மறுபடி கல்யாண அறை ஆயிற்று. பெரியம்மா வெளியே வந்து என் தோளைத் தொட்டு, "காத்தாட இங்கியே உக்காரு தாயி, உனக்கும் காபி சொல்லிக்கீறேன்," என்றாள்.

நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் என் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா முழு அலங்காரம் செய்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சர்க்கரை வியாதியில் அவள் விரல்கள் வீங்கி, காலையில் மடங்காது என்பது எனக்குத் தெரியும். உள்ளே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே கதவு ஒரு சாண் திறக்கும், வீங்கின கை ஒன்று வெளியே வரும். "சின்ன ஊக்கு." கொடுப்பேன். "கறுப்பு நூல்." கொடுப்பேன். கதவு மூடும். இத்தனை வருஷம் நான் அவளுக்குப் பின்னால் நின்று வேலை செய்தேன் என்று நினைத்திருந்தேன். நின்றது உண்மைதான். அவள் பின்னால் எனக்கு இருந்த இடம் எவ்வளவு பத்திரமானது என்பது அந்த நாற்காலியில் தெரிந்தது.

கோபமும் வந்தது, மறைக்கவில்லை. என்னைக் காப்பாற்றினாளா, ஒளித்து வைத்தாளா? என் விரல் எந்தப் படத்திலும் வராதது என் நன்மைக்காகவா? என்னைக் கேட்காமல் என்னை எதற்குள் மூடி வைத்திருந்தாள்? அந்தக் கோபம் கொதித்து எழும். கதவு திறந்து அந்தக் கை வெளியே வந்ததும் அடங்கும்.

முடித்துவிட்டு வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. முந்தானையால் துடைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்தாள். நான் எழுந்து நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"ஏமனி?" என்றாள். "என்னன்னு சொல்றது? தினம் காலைல, நீ தாலி அறுத்தவ, நில்லு, நான் முன்னால போறேன், அப்டினு சொல்லணுமா? அது ஒரு மனுஷி இன்னொரு மனுஷிக்குச் சொல்ற மாட்டாவா, வார்த்தையா?"

"எனக்குத் தெரியாமலே எனக்காக…"

"தெரியக் கூடாதுன்னுதானே செஞ்சேன்."

கீழே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. அவள் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"நான் போட்டோக்கு வர்றேன்னு சொன்னியாமே. பூக்காரி சொன்னா."

"சொன்னேன் அக்கா."

"ம்." விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டாள். "திருப்பதி வேணாம்னு சொன்னது என் பொழப்புக்கும்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனா சித்தூர்னா ரிசப்ஷன் பண்ணிப் பொழச்சுப்பன்னு நெனச்சேன். இங்க முகூர்த்தம். இங்க உன்கூட ரூம்ல யாரு உக்காருவாங்க செல்லி?"

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"இனிமே ஃபோன் பண்ணாத," என்றாள். "நீ கூப்பிட்டா நான் வந்துடுவேன். அதுக்குத்தான் சொல்றேன்."

நாங்கள் பேசியதில் அதுதான் கடைசி. அவள் எண் என் ஃபோனில் இருக்கிறது, நான் அழைத்ததில்லை. அழைத்தால் வந்துவிடுவாள். இப்போது என் கடைக்கு யார் வந்தாலும், புடவை என்ன நிறம் என்று கேட்பதற்கு முன்னால், நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போகிறார்கள். சில பெண்கள் உட்காருகிறார்கள். கூட வந்த அம்மாக்களைப் பார்த்து, அதனால என்ன என்கிறார்கள். தம்பி இதைக் கேட்டால், "உனுக்கு வியாபாரமே தெரியல போக்கா," என்கிறான். இருக்கலாம்.

அன்று அக்கா படியிறங்கிப் போன பிறகு நான் பெட்டியை எடுக்க அறைக்குள் போனேன். பெண்ணை மேடைக்கு அழைத்துப்போகத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தாள். நெற்றியில் அக்காவின் பொட்டு. சடை கொஞ்சம் தளர்வு, பூ கொஞ்சம் சாய்வு, எனக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு. என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"ஆண்ட்டி, ஒரு பின்னு குத்துது. ரொம்ப வலிக்குது. நீங்க எடுங்களேன்."

கை தானாக எழுந்தது. பாதி வழியில் நின்றது. பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

"இரும்மா," என்றேன். "பெரியம்மா எடுப்பாங்க."

பெரியம்மா பூவுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். "எங்க தாயி? ஒண்ணும் ஆப்டலியே."

"இன்னும் கொஞ்சம் கீழம்மா. பூவுக்கு அடில. இல்ல, இடது பக்கம். ஆமா, அங்கதான். மெதுவா இழுங்க, முடி மாட்டிக்கும்."

பின் வெளியே வந்தது. பெண் கண்ணை மூடித் திறந்து மூச்சு விட்டாள். யாரோ கதவைத் திறந்தார்கள், மேளச்சத்தம் உள்ளே நிறைந்தது. அவளை அழைத்துக்கொண்டு போனார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டேன்.